உருவியெடுத்த கைப்பிரதிகள்

சுனாமி வந்துபோன அடுத்த வாரம், கல்பாக்கத்தில் எங்கள் சபையில் மீனவர் குப்பத்துக்குக் கொடுக்க அரிசிப் பைகள் கட்டினோம். ஒவ்வொரு பையிலும் ஒரு சுவிசேஷக் கைப்பிரதியை நான்தான் செருகினேன். போதகரின் மனைவி ஒன்றுவிடாமல் அத்தனையையும் உருவி எடுத்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அப்புறம் ஊழியம் எப்படிம்மா செய்றது?" என்றேன்.

"கேட்டா சொல்லுங்க, பிரதர்" என்றார்.

குப்பத்துக் கிணற்றில் கடல் புகுந்து தண்ணீர் உப்பாகியிருந்தது. அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அங்கிருந்த பெண்களோடு சேர்ந்து அந்த உப்புத் தண்ணீரை இறைத்துக் கொட்ட ஆரம்பித்தார். மறுநாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். உள்ளங்கை கொப்பளித்தும் கயிற்றை விடவில்லை. போதகர்கூட அப்படி உழைத்து நான் பார்த்ததில்லை. நானோ பைகளைக் கொடுத்துவிட்டு வேனில் உட்கார்ந்திருந்தேன்.

நாலாம் நாள் ஒரு மீனவப் பெண் அவரிடம் கேட்டாள்: "இன்னாத்துக்கும்மா எங்களுக்காக இப்டி கஷ்டப்பட்டுகினு கீறீங்க?"

அவர் என்னைக் கூப்பிட்டார். "கேட்டுட்டாங்க, பிரதர். சொல்லுங்க."

கைப்பிரதியில் இருந்த ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் கொப்பளிக்காத கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.