சம்பந்தி வீட்டுக் கொல்லைக்குப் போன பாதை

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மளிகைச் சீட்டுக்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. ஞாபகமும் இப்போதெல்லாம் விட்டுவிட்டுத்தான் வருகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். ஓடி வந்த இரண்டு பெண்கள் நின்றார்கள். "ஆன்ட்டி, இந்தப் பக்கம் உள்ள போக வழி இருக்கா? டெய்லி ஒரே ரூட்ல ஓடி போரடிக்குது" என்றாள் ஒருத்தி. இல்லையென்று தலையாட்டினேன். அவள் முழங்காலில் தடவியிருந்த தைலத்தின் வாசனை அவர்கள் போன பிறகும் அங்கேயே நின்றது. கஸ்தூரியும் இப்படித்தான் தைலம் தடவிக்கொண்டு ஓட வருவாள்.

ஓட என்றால் என்னோடுதான். சிரிக்காதீர்கள். நாற்பது தாண்டியதும் சர்க்கரை வந்து, டாக்டர் நடக்கச் சொன்னார். பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் எதிரே வருபவர்களெல்லாம், "இன்னா, இம்மாங் காலையில?" என்பார்கள். பதில் சொல்லக் கூசி வேகமாக நடப்பேன். கேட்பவர்கள் கூடக்கூட அது ஓட்டமாகிவிட்டது.

கஸ்தூரி எங்களுக்கு வாடிக்கையாக மீன் கொடுத்தவள். கடலோரக் குப்பத்தில் பிறந்து, ஏரிக்குப் பின்னால் வாழ்க்கைப்பட்டவள். ஒருநாள் என்னைப் பார்த்துவிட்டு, "மணல்ல ஓடுனவ நான். நீ ஓடறதப் பாத்தா எனக்கே கால் வலிக்குதுக்கா" என்று கூட வந்தாள். மறுநாளிலிருந்து ஜோடி.

"ஒரே கரையச் சுத்திகினு இருந்தா பேஜாரா கீது" என்று புதுப் பாதைகளுக்கு என்னை இழுத்தவள் அவள்தான். கருவேலங்காட்டு ஒற்றையடித் தடம், செங்கல் சூளைக்கு மண்வண்டி போகிற தடம், எங்கே போகிறதென்றே தெரியாத தடம். ஒருநாள் அவள் வழி பிடிக்க வேண்டும், மறுநாள் நான். வந்த வழியில் திரும்பக் கூடாது. என் மகனின் பழைய கான்வாஸ் ஷூவை மாட்டி, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொள்வேன். அடுத்த வளைவில் என்ன இருக்குமோ என்று ஓடுகையில் சர்க்கரையும் இல்லை, வயசும் இல்லை.

அன்று என் முறை. பனைமரங்களுக்கு இடப்பக்கம் பிரிந்த தடத்தைக் காட்டினேன். முள்வேலி, சாணிக்குழி, மாட்டுக்கொட்டகை எல்லாம் தாண்டிப் போய் ஒரு கொல்லையில் நின்றோம். அடிபம்புக்குப் பக்கத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் என் மகளின் மாமியார். கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஜி.எஸ்.டி. ரோடு வழியாக ஆட்டோவில் வந்து அந்த வீட்டின் முன்வாசலைத்தான் நான் பார்த்திருந்தேன்.

சம்பந்தி வீட்டுக்கு விடியற்காலையில் ஒருத்தி ஓடி வந்தால் சாவுச் செய்திதானே. அவர் வாயைக்கூடக் கொப்பளிக்காமல், "யாருக்கு இன்னா ஆச்சு சம்பந்தி?" என்று பதறினார். பிறகு அவர் பார்வை கீழே இறங்கி ஷூவில் நின்றது.

எனக்கு நாக்கு புரண்டுவிட்டது. "ஒண்ணுமில்ல சம்பந்தி. இந்த மீன்காரி கெட்ட மீனைக் குடுத்துட்டா. கேக்கலாம்னு தொரத்திகினு வந்தேன்."

"இவளா? எங்க தெருவுக்கும் வர்றவளாச்சே."

கஸ்தூரி என்னை ஒரு தடவை பார்த்தாள். "தப்புதாம்மா. சாயந்தரம் வேற மீன் குடுத்துடறேன்" என்று அவரிடம் சொன்னாள்.

அன்று சாயந்தரம் இலையில் சுற்றி இரண்டு சங்கரா மீன் கொண்டுவந்து வைத்தாள். "அந்த வூட்ல கேட்டா மாத்திக் குடுத்துட்டான்னு சொல்லிடுக்கா." நான் வாங்கிக்கொண்டேன். அதைக் குழம்பும் வைத்தேன்.

மறுநாள் ஷூவை மாட்டிக்கொண்டு கரையில் நின்றேன். அவள் வரவில்லை. அதற்கப்புறம் எங்கள் தெருவுக்கும் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து என் மகள் வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னாள்: "அத்தை அந்த அம்மாகிட்ட மீனே வாங்கறதில்லம்மா. தெருவுல யாரையும் வாங்கவும் விடறதில்ல." நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தத் தடங்கள் ஒன்றுகூட இல்லை. கருவேலங்காடு அடுக்குமாடியாகிவிட்டது. கொல்லை இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். சம்பந்தியும் போய்விட்டார், உண்மை தெரியாமலே. கஸ்தூரி குடும்பம் எங்கே போனதென்று விசாரித்தேன், சொல்ல ஆளில்லை.

கெட்ட மீன் என்று ஒரு தடவை சொன்னதாக மேலே எழுதியிருக்கிறேன். இரண்டு தடவை சொன்னேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. அவளைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அவளிடம் கேட்டு, நான் குறைத்து எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள்.