இரண்டு காந்தங்களுக்கு நடுவில் என் விரல்

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் பக்கம் பொம்மசந்திராவில் ஸ்பீக்கர் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை பார்த்தேன். வளையக் காந்தங்களை ஸ்பீக்கரில் பொருத்துவது என் வேலை. கல்யாணமாகி ஒன்பது வருடம், இரண்டு பிள்ளைகள். பக்கத்து மேசைக்காரர் ஓசூரிலிருந்து வருவார், அவரும் குடும்பஸ்தர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்றாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். பஸ், மழை, டீ, அதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும்.

ஒரு நாள் காலை, நடுவில் மரத்துண்டு வைக்காமல் இரண்டு காந்தங்களை அருகருகே வைத்துவிட்டேன். ஒன்றை எடுக்கப் போனபோது மற்றது தாவி வந்து ஒட்டிக்கொண்டது. நடுவில் என் வலதுகை மோதிர விரல். கத்தக்கூட முடியவில்லை. பிடுங்கப் பார்த்தேன்.

“இழுக்காதீங்க, தோலு பிஞ்சிரும்” என்று அவர் எழுந்து வந்தார். “பக்கவாட்டுல தள்ளணும். கைய குடுங்க.”

என் மணிக்கட்டை மேசையோடு அழுத்திப் பிடித்து, மேல் காந்தத்தை மெல்ல நகர்த்தி எடுத்தார். நகம் கறுத்து ரத்தம் வந்தது. கைக்குட்டையைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வலியில் உயிர் போனது. அந்த வலியிலும், இவர் கையை எடுத்துவிடக் கூடாதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நானா இப்படி நினைக்கிறேன்?

வீட்டுக்காரர் கேட்டபோது, “மிஷின்ல மாட்டிக்கிச்சு” என்றேன். அன்று அவர்தான் சோறு பிசைந்து ஊட்டினார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் பக்கத்து மேசையிலிருந்து, “வெரல் எப்படி இருக்கு?” என்று கேட்டார். அக்கா என்று கூப்பிடவில்லை. அதன்பின் மூன்று நாள் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான்காம் நாள் சூப்பர்வைசரிடம் போய், பேக்கிங்குக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன். அவர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

“ஏம்மா, உங்க ரெண்டு பேருக்கும் என்ன ஜகளா? நேத்து சாயங்காலம் அவரும் வந்து, வேற செக்‌ஷன் குடுங்க சார்னு நின்னாரு.”

எனக்குள் மட்டும் நடந்தது என்றல்லவா நினைத்திருந்தேன்.

“சண்டையெல்லாம் இல்ல சார்.”

“அப்புறம் என்ன?”



என்னை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, அவரை ஸ்பீக்கருக்குக் கம்பிச்சுருள் சுற்றும் பிரிவுக்கு மாற்றினார்கள். எதிரே வந்தால் தலையசைப்பார், நானும் தலையசைப்பேன். இன்னும் மூன்று வருடம் அங்கே இருந்தேன். ஒரு நாளும் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.