பெயர் வெட்டாத கல்

போன வருடம் கோடையில் எங்கள் ஊர்ச்சங்கம் இங்கே ரொறன்ரோவில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சனிக்கிழமைப் பேச்சு என்று ஒன்றைத் தொடங்கியது. மோர்னிங்சைட்டில் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்ட் மண்டபம் மலிவாகக் கிடைத்தது. பேசுபவர் எங்கள் ஊர் மாஸ்டர். ஊரில் எனக்குச் சரித்திரம் படிப்பித்தவர். இப்போது றிச்மண்ட் ஹில்லில் மகனோடு இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார், ஆனால் மைக்கைக் கையில் கொடுத்தால் குரலில் கிழடு தட்டாது. உலகத்து விடுதலை வீரர்கள் என்று தலைப்புப் போட்டு, ஒவ்வொரு சனியும் ஒரு நாட்டைப் பற்றிச் சொன்னார்.

நான் பேச்சுக் கேட்கப் போகவில்லை. என் கணவர் சங்கத்தின் செயலாளர். அதனால் மண்டபத்தின் பின்னால் இருந்த சமையலறை என் தலையில் விழுந்தது. வீட்டில் பொரித்த றோல்ஸை அங்கே கொண்டுபோய்ச் சூடாக்கி, தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்க வேண்டும். மகள் யுனிவர்சிற்றி விடுமுறையில் வீட்டில் நின்றாள். மாஸ்டரின் படங்களைத் திரையில் காட்டுகிற வேலை அவளுக்கு.

அந்தச் சனிக்கிழமை அமெரிக்கச் சுதந்திரப் போர். சமையலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் கேட்டேன். மாஸ்டர் நன்றாகச் சொல்வார், அதை மறுக்க மாட்டேன். பனிக்கட்டி மிதக்கிற ஆற்றைப் படகில் கடந்து போய், நத்தார்ப் பண்டிகைக் களைப்பில் கிடந்த எதிரியின் கூலிப்படையைப் பிடித்த தளபதியைப் பற்றிச் சொன்னார். அவர்தான் பிறகு முதல் சனாதிபதி ஆனவர். எதிரிப்படை வருகிறது என்று குதிரையில் போய் ஊர்களை எழுப்பிய வெள்ளிப் பாத்திரம் செய்பவரைப் பற்றிச் சொன்னார். அச்சுக்கூடம் நடத்தி, மின்னலை ஆராய்ந்து, கிழவயதில் பிரான்சுக்குப் போய் உதவி வாங்கித் தந்தவரைப் பற்றிச் சொன்னார். உளவு பார்க்கப் போய்ப் பிடிபட்டுத் தூக்கில் தொங்கிய ஒரு இளம் பள்ளிக்கூட ஆசிரியரைப் பற்றிச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. எனக்கும் கண் கலங்கியது.

அதற்குப் பிறகுதான் அந்தப் படம் வந்தது. வெளிறிய ஒரு கல். அதில் ஒரு ஒற்றைச் சப்பாத்து செதுக்கியிருந்தது.

"இது ஆரின்ரை சப்பாத்து, சொல்லுங்கோ பாப்பம்?" என்று மாஸ்டர் பிள்ளைகளைக் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை.

"இவன் பெரிய வீரன். இங்க கியூபெக் வரைக்கும் வந்து பனிக்குள்ள அடிபட்டவன். அதில காலில வெடி. பிறகு நியூ யோர்க் பக்கம் நடந்த பெரிய சண்டையில அதே காலில திரும்பவும் வெடி. அந்தச் சண்டையை வெல்லாட்டி அமெரிக்கா எண்டு ஒரு நாடே வந்திராது. பிறகு என்ன செய்தவன் தெரியுமோ? தன்ரை பொறுப்பில இருந்த கோட்டையை எதிரிக்குக் காசுக்குக் குடுக்கப் பாத்தவன். பிடிபட முந்தி ஓடித் தப்பி, எதிரியின்ரை உடுப்பைப் போட்டுக்கொண்டு சொந்தச் சனத்தையே வந்து அடிச்சவன். அவன் காயப்பட்ட இடத்தில இந்தக் கல்லு நிக்குது. கால் இருக்கு. பேர் இல்லை."

மகள் கணினிக்குப் பின்னால் இருந்து கையை உயர்த்தினாள். "பட் மாஸ்டர், அந்தச் சண்டையை வின் பண்ணிக் குடுத்தது அவர்தானே? அப்ப ஏன் நேம் போடேல்லை?"

"துரோகிக்குப் பேர் இல்லைப் பிள்ளை," என்றார் மாஸ்டர். "துரோகம் செய்த அண்டைக்கே அவன்ரை பேர் செத்துப்போச்சு."

மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் என் கணவரும் கைதட்டினார். அவருடைய அந்த இரண்டு கைகளைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் அண்ணா எண்பதுகளில் ஊரில், விடுதலைக்கென்று ஆயுதம் எடுத்த இயக்கங்களில் ஒன்றில் இருந்தார். எந்த இயக்கம் என்று எழுத மாட்டேன். எழுதினால் வாசிக்கிறவர்கள் அதை வைத்து அவருக்கு மார்க் போடுவார்கள். ஆமியின் முகாமைச் சுற்றி நடந்த ஒரு சண்டையில் அவருக்கு முழங்காலில் வெடி பட்டது. எங்கள் வீட்டு நடு அறையில் மாதக்கணக்கில் கிடந்தார். சனம் முட்டையும் நல்லெண்ணெயும் கொண்டுவந்து பார்த்தது. மாஸ்டரும் ஒரு பை நிறைய முட்டையோடு வந்தார். அடுத்த நாள் வகுப்பில் என்னை எழுப்பி நிற்க வைத்து, "இது ஆரின்ரை தங்கச்சி தெரியுமோ?" என்று எல்லோரிடமும் கேட்டார். எனக்குப் பெருமையில் காது சூடானது இன்னும் ஞாபகம்.

பிறகு இயக்கங்கள் ஒன்றையொன்று சுடத் தொடங்கின. அண்ணாவோடு ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்து படித்தவர் ஒருவர், வேறு இயக்கத்தில் இருந்தவர், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வளவுக்குள் ஓடி வந்தார். அண்ணா அவரை மாட்டுக்கொட்டிலில் ஒளித்துச் சோறு கொடுத்து, அவரைப் படகில் ஏற்றிவிட ஆள் பிடித்தார். அவர் செய்தது அவ்வளவுதான். அண்ணாவின் சொந்த இயக்கத்துப் பெடியளே வந்தார்கள். "விசாரிச்சிட்டு விடுறம் அம்மா" என்று மரியாதையாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். விடிந்தபோது சந்தியில் இருந்த மின்கம்பத்தில் அவரைக் கட்டி வைத்துச் சுட்டிருந்தார்கள். கழுத்தில் ஒரு காகித மட்டை தொங்கியது. துரோகி என்று எழுதியிருந்தது. நல்ல உருண்டை எழுத்து.

செத்தவீட்டுக்கு ஊர் வரவில்லை. முட்டை கொண்டுவந்தவர்கள் படலையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். மாஸ்டர் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அப்பாவைக் கூப்பிட்டார். "சத்தம் வராமல் முடியுங்கோ. பொம்பிளையளை அழவேண்டாமெண்டு சொல்லுங்கோ" என்றார். அம்மா சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதா. பெற்ற பிள்ளைக்குச் சத்தம் போட்டு அழ முடியாமல் ஒரு தாய் எப்படி மூச்சு வாங்குவாள் என்று பதினான்கு வயதில் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

அந்தக் கைதட்டல் ஓயும்போது நான் சமையலறையை விட்டு வெளியே வந்துவிட்டேன். கையில் அடுப்புக் கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"மாஸ்டர், உவன் காசு வாங்கினவன். கோட்டையை விக்கப் பாத்தவன். தன்ரை சனத்தையே சுட்டவன். உவன்ரை காலுக்கும் அவையள் ஒரு கல்லு வைச்சிருக்கினம். என்ரை அண்ணை ஆரிட்டைக் காசு வாங்கினவர்? எந்தக் கோட்டையை வித்தவர்? அவரின்ரை முழங்காலுக்கு நீங்கள் என்ன வைச்சனீங்கள்?"

மாஸ்டர் மைக்கைத் தாழ்த்தினார். "பிள்ளை, உது வேற விஷயம்."

"என்ன வேற? இந்தப் பிள்ளையளுக்கு விளங்கப்படுத்துங்கோ. நீங்கள் முட்டை கொண்டுவந்து பாத்தனீங்கள். நீங்கள்தான் வேலியில நிண்டு அழவேண்டாமெண்டும் சொன்னனீங்கள். ரெண்டையும் சொல்லுங்கோ."

பெற்றோர்கள் கைபேசியைப் பார்த்தார்கள். கணவர் எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்தார். "காணும், வாரும். சனம் பாக்குது."

"பாக்கட்டும்."

பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா, எனக்கு நல்ல பழக்கம், ஆறுதலாகச் சொல்வதுபோலச் சொன்னா: "ஏன் இப்ப உதெல்லாம் கிளறுறீங்கள்? எல்லாம் முடிஞ்சு போச்சுத்தானே."

அந்த வார்த்தையை என்னால் இன்றைக்கும் விழுங்க முடியவில்லை. இதே அம்மா கார்த்திகை மாதம் மாவீரர் நாளில் மண்டபத்தில் வரிசையில் நின்று விளக்கேற்றுகிறவ. ஊரில் செத்த பிள்ளைகளின் படங்களுக்கு மாலை போடுகிறவ. அங்கே ஒன்றும் முடியவில்லை, ஒவ்வொரு வருடமும் புதிதாகத்தான் இருக்கிறது. என் அண்ணாவுக்கு மட்டும் எல்லாம் முடிந்துவிட்டதாம். அவருடைய படம் அந்த வரிசையில் ஒரு வருடமும் இருந்ததில்லை. நானும் அதற்குள் நின்று விளக்கேற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

காரில் மகள் பின்சீட்டில் இருந்து கேட்டாள். "மாமா வோர்ல செத்தவர் எண்டுதானே சொன்னீங்கள்? வை டிட் யு லை டு மீ?"

நடந்ததை எல்லாம் சொன்னேன். மட்டையையும் சொன்னேன். அவள் அழவில்லை. "சோ, அவர் ஒருத்தரைச் சேவ் பண்ணினவர். அதுக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாம் உன்ரை நன்மைக்குத்தான் சொல்லேல்லை" என்றார் கணவர் காரை ஓட்டிக்கொண்டே.

"நீங்கள் ஏன் கைதட்டினனீங்கள்?" என்று அவரைக் கேட்டேன்.

"எல்லாரும் தட்டினவை. பழக்கத்தில தட்டிப்போட்டன்."

அவருக்கு அண்ணாவின் கதை கலியாணத்துக்கு முன்னமே தெரியும். தெரிந்துகொண்டுதான் பழக்கத்தில் தட்டியிருக்கிறார். அந்த ஊர் முழுவதும் அன்றைக்கு வீட்டுக்குள் இருந்ததும் பழக்கத்தில்தான் என்று வையுங்கள். அன்றிரவு அவரோடு நான் கதைக்கவில்லை. அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் கதைக்கவில்லை.

அடுத்த கிழமை மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். மகன் காரிலேயே இருந்துகொண்டான். ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுவந்திருந்தார். நான் தேத்தண்ணீர் வைத்தேன், அவர் குடிக்கவில்லை.

"எனக்கும் அப்ப பயம், பிள்ளை. ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது?"

"அப்ப பயந்தது எனக்கு விளங்குது மாஸ்டர். இப்ப என்ன பயம்? இது ரொறன்ரோ. ஆர் வந்து உங்களைக் கம்பத்தில கட்டப்போகினம்?"

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"வாற சனி அதே மண்டபத்தில ஒரு வசனம் சொல்லுங்கோ. அந்தப் பெடியன் நல்லவன், அவனைச் சுட்டது பிழை எண்டு. வேற ஒண்டும் வேண்டாம்."

"சங்கத்துக்குள்ள பிரச்சினையாய்ப் போயிடும் பிள்ளை. நாங்கள் இந்தச் சனத்தோடைதானே வாழவேணும்."

இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால் அந்நிய மண்ணில் தூக்கில் தொங்கியவனுக்காகக் குரல் தழுதழுக்கிற மனிதர் அவர். வேலிக்கு அடுத்த பக்கம் செத்துக் கிடந்தவனுக்காக ஒரு வசனம் சொல்ல முடியவில்லை. மாம்பழப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் மகனின் காருக்குள் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த சனி வேறொரு நாட்டைப் பற்றிப் பேசினாராம். றோல்ஸ் கடையில் வாங்கினார்களாம்.

அண்ணாவின் நினைவு நாள் மார்கழியில் வருகிறது. தமிழ்க் கடை வாசல்களில் இலவசமாகக் குவிந்து கிடக்கிற பத்திரிகைகளில் பாதிப் பக்கம் நினைவஞ்சலிதானே. அதில் ஒன்றுக்கு நானும் ஒன்று அனுப்பினேன். அண்ணாவின் படம், பெயர், பிறந்த நாள். கீழே, சொந்த இயக்கத்தினரால் சுட்டுக் கொல்லப்பட்டவர், துரோகி அல்ல என்று எழுதியிருந்தேன்.

பத்திரிகையில் இருந்து ஒருவர் தொலைபேசி எடுத்தார். நல்ல மரியாதையாகத்தான் கதைத்தார். "அக்கா, 'அகால மரணம்' எண்டு போடுவமா?"

"அகாலம் எண்டா என்ன தம்பி? பஸ் பிந்தி வந்ததோ?"

"கோவிக்காதேங்கோ அக்கா. விளம்பரம் தாறவை பிரச்சினைப்படுத்துவினம். 'மறைந்த' எண்டு சும்மா விடுவமே."

"அவர் தானா மறையேல்லைத் தம்பி. நீங்கள் போடவேண்டாம், விடுங்கோ."

மகள் கணினியில் அதே அஞ்சலியைத் தயாரித்தாள். தமிழ் எழுத்தில் அவளுக்குப் பிழை வரும், என்னிடம் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். நாங்கள் வழமையாக மீன் வாங்குகிற கடையில், பேஸ்மென்ட் வாடகைக்கு, வீட்டுச் சாப்பாடு கிடைக்கும் என்று துண்டுகள் ஒட்டியிருக்கிற பலகையில் அதைக் குத்தினோம். கடைக்காரர் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அக்கா, ஆரும் கம்ப்ளெயின்ட் பண்ணினா நான் கழட்டிப்போடுவன்."

"கழட்டுங்கோ. நான் திரும்ப ஒட்டுவன்."

இங்கே நான் யாருடைய பெயரையும் எழுதவில்லை. அண்ணாவின் பெயர் அந்தப் பலகையில் இருக்கிறது, வேண்டுமானால் போய் வாசியுங்கள்.

முதல் பிரதியைக் கிழித்துவிட்டார்கள். இரண்டாவதைக் கிழிக்கவில்லை. அண்ணாவின் நெற்றிக்குக் குறுக்கே பேனையால் அந்தச் சொல்லை எழுதியிருந்தார்கள். மீன் பையில் இருந்து தண்ணீர் சப்பாத்தில் ஒழுக ஒழுக அதன் முன்னால் நின்றேன். துக்கம் வரவில்லை. எழுதியவன் அந்த நேரம் அகப்பட்டிருந்தால் மீன் பையாலேயே முகத்தில் அடித்திருப்பேன். மகள் அதைக் கழற்றி, கைப்பையில் இருந்து புதியதை எடுத்தாள்.

அப்போது பக்கத்தில் காய்கறி வண்டிலோடு ஒருவர் வந்து நின்றார். என் கணவரின் வயதிருக்கும். படத்தை உற்றுப் பார்த்தார். இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு காதோடு சொல்வதுபோலச் சொன்னார்: "நல்ல பெடியன் தங்கச்சி. எனக்குத் தெரியும்."

எனக்கு அது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"அதை உரத்துச் சொல்லுங்கோ அண்ணை" என்றேன்.

அவர் கறிவேப்பிலைக் கட்டொன்றை எடுத்து வண்டிலில் போட்டுக்கொண்டு, காசு கட்டுகிற வரிசைக்குப் போய்விட்டார். மகள் நான்கு மூலையிலும் ஊசி குத்தினாள். நான் ஐந்தாவதை நடுவில் அழுத்திக் குத்தினேன்.