செல்வின் கொடுத்த கையுறை

செல்வின் என்னோடு படித்தவன். குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது அவன் தொழில். நாங்கள் இருவரும் இமயமலையில் நடைபயணம் போகத் திட்டமிட்டபோது, கப்பலில் வேலை செய்யும் அவனுடைய அண்ணன் பெரு நாட்டிலிருந்து ஒரு ஜோடி அல்பாக்கா கம்பளிக் கையுறை கொண்டுவந்திருந்தார்.

"ஒட்டகச் சாதிப் பிராணியாம். லேசா இருக்கு, சொறியாது, நனஞ்சாலும் சூடு போவாது. நீயும் கம்பளி வாங்கு மக்கா" என்றான்.

நான் சிரித்தேன். நனைந்த துணியை உடம்பிலேயே காயவிட்டுப் பழகிய மழைக்காட்டு ஊர்க்காரன் நான். பருத்திக் கையுறை போதுமென்று கிளம்பினேன்.

மூன்றாம் நாள் மலைக் கணவாயில் பனி கொட்டியது. என் கையுறை நனைந்தது. அது காயவில்லை, விறைத்தது. வலி தாங்காமல் நான் அழுததும் செல்வின் தன்னுடையதைக் கழற்றினான்.

"இந்தா, போடு. வெடியக்காலத் தணுப்புல கத்தி பிடிக்கிற கையாக்கும் இது. தாங்கும்."

மறுத்திருக்க வேண்டும். மாட்டிக்கொண்டேன். ஈரம் பட்டும் அது கதகதப்பாகவே இருந்தது. முன்னால் அவன் பனி படிந்த கயிற்றை வெறுங்கையால் பிடித்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் அவனது வலது கையில் பனியில் விறைத்துக் கறுத்துப்போன இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

ஊர் வந்ததும் கையுறைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"நீயே வச்சுக்க மக்கா. நான் போட்டா இனி அதுல ரெண்டு விரலு சும்மா தொங்கும்" என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

மழைநாளில் அலமாரியிலிருந்து அவற்றை எடுத்துக் கையில் மாட்டிப் பார்ப்பேன். என் கை முழுவதும் சில்லென்றிருக்கும். செல்வின் இழந்த அந்த இரண்டு விரல்களில் மட்டும் சூடு இருக்கும்.