நடு வரிசையில் ஒரு சீட்

சேலம் ஆஸ்பத்திரியில் என் மார்புக் கட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவு வர நாளாகும், போனில் கூப்பிடுகிறோம் என்று அனுப்பி வைத்தார்கள். நல்லம்பள்ளிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நான் வந்து சேர்வதற்குள் செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. மறுநாள் காலையிலிருந்தே ஆட்கள் விசாரிக்க வர ஆரம்பித்தார்கள். கையில் ஆரஞ்சுப் பழம், பிரெட், சத்துமாவு டப்பா. வந்தவர்கள் கண்ணை என் கழுத்துக்குக் கீழே இறக்கி, சட்டென்று தூக்கி, உச்சுக் கொட்டினார்கள். பிறகு இதே மாதிரி கட்டி வந்த யாராவது ஒருத்தியின் கதையைச் சொன்னார்கள். எல்லாக் கதையிலும் கடைசியில் அவள் செத்துப்போனாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆரஞ்சுகளை எடுத்து அவர்கள் மேலேயே வீசியிருப்பேன்.

அன்று மதியமே தருமபுரிக்குப் போய்ப் படம் பார்க்கலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பக்கத்து வீட்டிலேயே இருக்கும் அவருடைய தங்கைக்குத்தான் தாங்கவில்லை.

“இந்த நேரத்துல சினிமாவுக்குப் போனா ஊர்ல என்ன பேசுவாங்க அண்ணி?”

“வூட்ல ஒக்காந்திருந்தா மட்டும் நல்லதாவா பேசறாங்க?” என்று கேட்டுவிட்டுப் புடவை மாற்றப் போனேன்.

ஓசூரில் வேலை பார்க்கும் மகள் போனிலேயே டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். போய்ப் பார்த்தால் கதவை ஒட்டின ஓர சீட். தலை சுற்றினால் சட்டென்று வெளியே வந்துவிடலாம் என்று அவளும் அவள் அப்பாவும் கலந்து பேசி முடிவு செய்திருக்கிறார்கள். பாப்கார்ன் வாங்கப் போகிறவர்கள் எல்லாம் ஊசி குத்தின பக்கமே இடித்துக்கொண்டு போனார்கள். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் படத்தைப் பார்க்கவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திரை அந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்ட வேண்டியிருந்தது.

வீடு திரும்பும்போது பஸ்ஸில் யோசித்தேன். கல்யாணமானதிலிருந்து எனக்கு ஓர சீட்தான். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அழுதால் தூக்கிக்கொண்டு ஓட வசதி. அவள் வளர்ந்ததும் மாமியாரைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போக வசதி. எத்தனையோ படங்களின் பாட்டை வராந்தாவில் நின்று, சாத்திய கதவு வழியாகத்தான் கேட்டிருக்கிறேன். கிளைமாக்ஸில் வில்லன் எப்படிச் செத்தான் என்று வீட்டுக்கு வந்து இவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வேன். இவருக்குக் கதை சொல்லவும் வராது. இப்போது நோயும் சேர்ந்து என்னை அதே ஓரத்துக்குத் தள்ளுகிறது. ஒரு படத்தையாவது நேராக உட்கார்ந்து முழுசாகப் பார்க்காமல் போகமாட்டேன் என்று பிடிவாதம் வந்துவிட்டது.

டிக்கெட் எடுப்பது எப்படி என்று மகளிடம் கேட்டுக்கொண்டேன். போனில் கட்டம் கட்டமாக சீட் தெரிந்தது. நடு வரிசையில் நட்ட நடுவில் இருந்த இரண்டு கட்டத்தை நானே அழுத்தினேன். சோதனை முடிவைச் சொல்வதாக இருந்த நாளும் படத்துக்குப் போகிற நாளும் ஒன்றாகவே அமைந்தன. வேண்டாம், இன்னொரு நாள் போகலாம் என்று இவர் கெஞ்சினார். போன் வீட்டுக்கு மட்டும்தான் வருமா, தியேட்டருக்கு வராதா என்று கேட்டேன்.

உள்ளே நுழைந்ததும் அந்த வரிசையில் இருந்தவர்கள் எங்களுக்காகக் காலை மடக்கினார்கள், சிலர் எழுந்து நின்றார்கள். ஒருவர் முணுமுணுத்தார். இத்தனை வருஷம் மற்றவர்களுக்காக மடக்கினது நான்தானே என்று மன்னிப்புக் கேட்காமல் நடந்து போய் உட்கார்ந்தேன். திரை முழுவதும் எனக்கு நேராக இருந்தது. படம் ஒன்றும் பிரமாதமில்லை. அதனாலென்ன, ஒரு பாட்டுக்கூட விடாமல் பார்த்தேன்.

சண்டை உச்சத்துக்குப் போனபோது இவர் சட்டைப் பையில் போன் வெளிச்சம் போட்டது. ஆஸ்பத்திரி நம்பர். இவர் பாதி எழுந்துவிட்டார். பின்னாலிருந்து யாரோ உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். என் கையைப் பிடித்தார். எனக்கும் பயம்தான். ஆனால் இப்போது எழுந்தால் மறுபடியும் அந்த வராந்தாதான்.

“முடியட்டுங்க,” என்றேன். “அது எங்கயும் ஓடிடாது.”

போன் அடங்கியது. இவர் இருட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்தேன். வில்லன் எப்படிச் செத்தான் என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். விளக்குப் போட்டு, எல்லோரும் போய், கூட்டுகிற பெண் உள்ளே வந்த பிறகு அதே சீட்டில் உட்கார்ந்தபடி திருப்பிக் கூப்பிட்டோம். டாக்டரே பேசினார். புற்றுநோய்தான். முதலில் ஆபரேஷன், அப்புறம் கீமோ என்றார்.

இவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். படம் எப்படி இருந்தது என்று கேட்டேன். கேவலமாக இருந்தது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகையும் வந்துவிட்டது. கூட்டுகிற பெண் எங்கள் வரிசையை விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

ஆபரேஷன் முடிந்து தையல் ஆறியதும், மருந்து ஏற்றுகிற அறைக்குக் கூட்டிப்போனார்கள். சாய்வு நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள், எதிர்ச் சுவரில் டிவி. இவர் எனக்கு முன்னால் ஓடிப்போய், பாத்ரூமை ஒட்டின ஓர நாற்காலியில் பையை வைத்து இடம் பிடித்துவிட்டார்.

“அங்கயே ஒக்காருங்கம்மா. வாந்தி வந்தா எந்திரிச்சுப் போக தோதா இருக்கும்,” என்றாள் நர்ஸ்.

பையை எடுத்துக்கொண்டு போய் டிவிக்கு நேராக, நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். வாந்தி வந்தால் எழுந்து போவேன், வழியில் இருப்பவர்கள் கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளட்டும் என்று நர்ஸிடம் சொல்லி, ஊசி குத்தக் கையை நீட்டினேன்.