நிழலில் வைத்த தாய்ச்செடி

சோறு வேகுமுன் மூடியைத் திறந்து பார்க்கிறவள் நான். அப்படிப்பட்டவள் பதினொரு வருடமாக நெற்பூவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன் என்றால் என் வீட்டாருக்கே சிரிப்பு வரும்.

நெற்பூவுக்கு வெளியார் தயவு தேவையில்லை. காலை பத்து மணியளவில் உமி பிளந்து திறக்கும்போதே தன் மகரந்தத்தைத் தன் மேலேயே கொட்டிக்கொள்ளும். ஒரு மணி நேரத்தில் மூடியும்விடும். அதை இன்னொரு நெல்லோடு கலப்பதென்றால், முதல் நாள் பின்னேரமே ஒவ்வொரு பூவின் நுனியையும் கத்தரித்து, உள்ளேயிருக்கும் ஆறு மகரந்தப்பைகளையும் சாமணத்தால் எடுத்துவிட வேண்டும். ஒன்று தப்பினாலும் வேலை பாழ். வெட்டிய செடியை உடனே குளிர் அறைக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் கச்சான் காற்றின் சூட்டில் காயம்பட்ட பூ கருகிவிடும். இவ்வளவும் செய்தால் ஒரு கதிரில் ஏழெட்டு நெல்மணி பிடிக்கும். எனக்கு நிச்சயமாகப் பிடித்தது கழுத்துவலிதான்.

அதனால் மரபணு திருத்திய விதை எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்த அன்று நான் ஆடாத குறை. அந்த நெல்லில் ஒரேயொரு மரபணுவை வெட்டியிருந்தார்கள். வெட்டியதால் சூடான நாட்களில் அதில் மகரந்தம் உருவாகாது. பைகள் வெளுத்துச் சூம்பிப்போகும், பெண்பாகம் மட்டும் நலமாக இருக்கும். கத்தரியும் வேண்டாம், சாமணமும் வேண்டாம். தந்தை நெல்லின் கதிரைக் கொண்டுவந்து மேலே உதறினால் போதும். காரியம் முடிந்த பிறகு, பின்வரும் தலைமுறைகளில் அந்த வெட்டு இல்லாத செடிகளாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்ளலாம். இரட்டைக் கதவு போட்ட வலைக்கூடத்துக்குள் மட்டும், இந்தச் சிறுபோக நெற்பருவம் முடியும்வரை மட்டும் என்று அனுமதி தந்திருந்தார்கள். அதற்குப் பிறகு தாய்ச்செடிகளை எரித்துவிட வேண்டும்.

தந்தை நெல் என் அண்ணனுடையது. வெல்லாவெளிப் பக்கம், வாவியை ஒட்டிய வட்டையில், அதாவது வயல்வெளியில், அவருக்கு ஒரு பள்ளக்காணி இருக்கிறது. அதில் உப்பு ஏறிவிட்டது. மற்ற நெல்லெல்லாம் கருகுகிற அந்த மண்ணில், தண்டின் அடி ஊதாவாக இருக்கும் ஒரு நெல் மட்டும் நின்று பிடிக்கும். ஆனால் வைக்கோல் கிடைக்குமளவுக்கு நெல் கிடைக்காது. அதன் உப்புத் தாங்கும் குணத்தை நல்ல விளைச்சலோடு சேர்க்க முடியுமா என்பதுதான் எங்கள் கேள்வி. அண்ணனின் கேள்வி வேறு. இறால் குளம் வெட்டச் சிலர் அந்தக் காணியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை குளம் வெட்டினால் அது மீண்டும் வயலாகாது. கொடுப்பதா, வைத்திருப்பதா என்று அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செடிகள் குடலைப் பருவத்துக்கு வந்தபோது கச்சான் அடிக்கத் தொடங்கியது. குடலை என்றால் கதிர் இன்னும் வெளியே வராமல் தண்டுக்குள் திரண்டிருக்கும் நாட்கள். வலைக்கூடத்துக்குள் நிற்கவே முடியவில்லை. முதலில் வந்த ஒரு கதிரை உருப்பெருக்கியில் பார்த்தேன். பைகள் வெள்ளை வெளேரென்று சூம்பியிருந்தன. எனக்கு அது போதுமாக இருந்தது. தாய்ச்சட்டிகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுபோய்க் குளிர் அறையில் வைத்தேன். யோசித்துச் செய்ததல்ல. பதினொரு வருடப் பழக்கம், கை தானாகச் செய்தது. செடிகளுக்கு நல்லது செய்துவிட்டேன் என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

பூத்த நாட்களில் அண்ணன் விடியவே கதிர்களை வாளித் தண்ணீரில் நிறுத்தி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். நான் உதறினேன். ஒரு மாதத்தில் கதிர் முழுக்க மணி. அன்றே அண்ணனுக்குப் போன் அடித்து, புது நெல் வயலுக்கு வர எத்தனை வருடமாகும் என்று விளக்கத் தொடங்கினேன்.

"தங்கச்சி, வருசக்கணக்கெல்லாம் எனக்கு வேணாம். பிடிச்சிதா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

"பிடிச்சிட்டு அண்ணன். கதிர் முழுக்க மணி!"

"அப்ப சரிகா. நான் அவங்களுக்கு இல்லெண்டு சொல்லிர்றன்."

நாக்கு முந்திக்கொண்டது. கதிர் முழுக்க மணி பிடித்ததே என்னைச் சந்தேகப்பட வைத்திருக்க வேண்டும். இன்னொருவர் மகரந்தத்துக்குக் காத்திருக்கும் பூவில் அவ்வளவு பிடிக்காது.

விதையைக் காயவைத்து, மண் நிரப்பிய நாற்றுத் தட்டில் போட்டேன். கலப்பு சரியென்றால் நாற்றின் அடி தந்தையைப் போல ஊதாவாக வரும். தாயின் அடி பச்சை. அந்த ஒரு வாரமும் காலில் வெந்நீர் கொட்டியவள்போல் அலைந்தேன். புளியந்தீவில் என் வாடகை அறையில் தேநீரைக் குடிக்காமல் வைத்துவிட்டுத் தட்டைப் பார்க்க ஓடினேன். மூன்றாம் நாள் பச்சை. இன்னும் நேரமிருக்கிறது என்றேன். ஐந்தாம் நாளும் பச்சை. ஏழாம் நாள் ஒவ்வொரு நாற்றாக மண்ணை விலக்கிப் பார்த்தேன். தட்டு முழுக்க, ஒன்று விடாமல், செழிப்பான பச்சை.

அப்போதுதான் உறைத்தது. சூடான நாட்களில்தான் அந்தச் செடி மலடு. கதிர் திரளும் நாட்களில் குளிரில் வைத்தால் அதற்கு மகரந்தம் திரும்பிவிடும். இது எனக்குத் தெரியாததா? இதே விஷயத்தை மாணவர்களுக்குப் பலகையில் எழுதிக் காட்டியவள் நான். கச்சானிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று, அந்தச் செடிக்கு வேண்டியிருந்த ஒரேயொரு சூட்டையும் பறித்துவிட்டேன். அது தன் மகரந்தத்தைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டு தன்னையே பெற்றிருந்தது. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. தட்டை எடுத்து எறியலாம்போல் வந்தது. அதற்கும் அனுமதியில்லை.

ஒரு பகல் முழுவதும் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்துவிட்டு, பின்னேரம் அண்ணனுக்கு அடித்தேன்.

"அண்ணன், நான் அவசரப்பட்டுட்டன். ஒண்டும் பிடிக்கல்ல."

"பிடிச்சிட்டு எண்டுதானே சொன்ன நீ?"

"நான் பிழையாச் சொல்லிட்டன்."

வட்டையில் நின்றிருக்க வேண்டும், காற்றின் இரைச்சல் கேட்டது.

"நான் இல்லெண்டு சொன்ன மறுகா அவங்க வேற காணி எடுத்திட்டாங்க," என்றார். ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மறுநாள் எரிப்புப் பட்டியல் எழுத வலைக்கூடத்துக்குப் போனேன். அறுத்த தாய்ச்சட்டிகளை ஒரு மூலையில், உச்சி வெயிலில், கவனிக்காமல் அடுக்கியிருந்தேன். எரிக்க நாள் குறித்திருந்தபடியால் நிழல் தேடும் பழக்கம்கூட என் கைக்கு வரவில்லை. தண்ணீர்க் குழாய் மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது. அறுத்த நெல்லின் அடிக்கட்டைகள் துளிர்த்திருந்தன. இனிக் கதிர் திரளும் நாட்களெல்லாம் கச்சானில்தான். அனுமதிக் காலம் முடிவதற்குள் பூக்கும். அண்ணனின் காணியிலும், வேறு நெல் உப்பில் கருகிய மூலையொன்றில் இரண்டாம் முறையாக விதைத்த ஊதா நெல் பிந்தி நின்றது.

இந்த முறை ஒவ்வொரு கதிரிலும் பூ எடுத்துப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை, எல்லாம் சூம்பல். அண்ணன் கதிர்களோடு வந்தார். உதறி முடிந்ததும் தோளிலிருந்த துவாயை எடுத்துச் சட்டிகளின் மேல் வெயில் மறைக்கப் போனார்.

"வேணாம் அண்ணன். வெயில்லயே நிக்கட்டும்."

துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கதிருக்குப் பத்துப் பன்னிரண்டு மணிதான் பிடித்தது. அந்தக் குறைவே எனக்குத் தைரியம் தந்தது. தட்டில் போட்டேன். ஏழாம் நாள் காலை மண்ணை விலக்கினேன். ஊதா. அடுத்ததும் ஊதா. அங்கேயே நின்று போனை எடுத்தேன்.

"அண்ணன், பிடிச்சிட்டு!"

"இன்னொருக்கா வடிவாப் பாத்துட்டுச் சொல்லுகா," என்றார்.

நான் மீண்டும் தட்டருகே குந்தியிருந்து ஒவ்வொரு நாற்றாகப் பார்த்தேன். எல்லாம் ஊதாதான். அதைச் சொல்ல அடுத்த நாள்வரை காத்திருந்தேன்.