ஆசீர்வாதத்துக்கு முன்

ஆலய வாசலுக்கு நேரே கம்பெனி பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் இஞ்சினை அணைக்கவில்லை. கடைசிப் பாடல் முடிந்திருந்தது. மிச்சம் ஆசீர்வாதம் மட்டுமே. வலக்கையைப் பாதிவரை உயர்த்திய போதகர், ஹாரன் சத்தம் கேட்டதும் அதை மெல்லத் தாழ்த்தினார். அவரை நினைத்தால் எனக்கு அந்தக் கைதான் முதலில் தெரிகிறது.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையோரம், தகரக் கூரை போட்ட சிறிய சபை எங்களுடையது. வருபவர்களில் பெரும்பாலோர் தென்மாவட்டங்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கியிருந்த தொழிலாளர்கள். தங்கள் ஊர் வழக்கப்படி போதகரை 'ஐயரே' என்று அழைப்பார்கள். ஆலயத்தின் பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தீராத வேடிக்கை. "இன்னாப்பா, ஐயர்ன்றீங்க, மீன் வாங்கினு போறாரு" என்பார். போதகரும் சிரித்துக்கொள்வார்.

அது கடும் மின்வெட்டுக் காலம். தொழிற்சாலைகள் வாரத்தில் ஒரு நாள் மின்சாரம் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அரசு பகுதி பகுதியாகப் பிரித்தபோது எங்களுக்குப் புதன் விழுந்தது. நான் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் வேலை பார்த்த உதிரிபாகத் தொழிற்சாலையின் முதலாளி, வார விடுமுறையை ஞாயிற்றிலிருந்து புதனுக்கு மாற்றினார். அவரே எங்கள் சபையின் பொருளாளர். முதல் ஷிப்டில் இருப்பவர்களால் ஆராதனைக்கு வரமுடியாமல் போனது. இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் மட்டும் காலையில் வந்து, ஆராதனை முடிந்து வேலைக்குப் போனார்கள்.

சபைக் கமிட்டியில் போதகரும் முதலாளியும் மோதிக்கொண்டார்கள். "ஐயரே, கார் கம்பெனிக்கு ஞாயிறு திங்கள் தெரியாது. நான் சரக்கு குடுக்கலேன்னா இன்னொருத்தன் குடுப்பான். நாலு பேருக்கு வேல குடுக்கிறதும் ஊழியந்தான்" என்றார் முதலாளி. போதகர் மறுக்கவில்லை. "சந்தை இல்லேன்னா இந்தப் பிள்ளைங்க இங்க வந்திருக்கவே மாட்டாங்க. அதுக்காக ஓய்வையும் சந்தையே தீர்மானிக்கணுமா? கரண்ட்ட பங்கு போட்டவங்க, யாரோட ஞாயித்துக்கிழமைய எடுக்கிறோம்னு யோசிச்சாங்களா?" என்று கேட்டார்.

பேருந்து வந்து நின்ற அந்த ஞாயிறு ஏதோ அவசர ஆர்டர். இரண்டாம் ஷிப்டை முன்னதாகவே அழைத்துவரச் சொல்லி முதலாளிதான் உத்தரவிட்டிருந்தார். சூப்பர்வைசர் வாசலில் நின்று என்னிடம், "இன்னா சார், இன்னும் முடியலியா? லைன் நின்னுகினு கீது" என்றார். பேருந்தில் ஏறாதவர்களுக்கு மறுநாள் கேட்டில் அனுமதி இல்லை என்றும் சொன்னார். ஆனால் ஆசீர்வாதம் பெறாமல் பாதியில் எழுந்து போகும் பழக்கம் எங்கள் சபையில் இல்லை. மூன்றாம் பெஞ்சில் இருந்த சாத்தான்குளத்து வெல்டர், மடியில் தூங்கிய கைக்குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டுக் காலணி கிடந்த பக்கம் பார்த்தார். ஆனாலும் எழவில்லை.

போதகர் முன்வரிசையில் இருந்த முதலாளியைப் பார்த்தார். "வண்டிய திருப்பி அனுப்புங்க. அப்புறம் ஆசீர்வாதம் சொல்றேன்."

யாரும் அசையவில்லை. மீண்டும் ஹாரன். முதலாளியின் பிடரி சிவந்திருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். கடைசியில் அவர் திரும்பாமலேயே கையை அசைத்தார். பேருந்து காலியாகப் போனது.

மறுநாள் யாரையும் கேட்டில் நிறுத்தவில்லை. ஆனால் அந்தச் சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. சில வாரங்களில் ஆர்டரில் பாதி வேறொரு கம்பெனிக்குப் போயிற்று. முதலில் கழித்தது ஒப்பந்த ஆட்களை. வெல்டரும் அதில் ஒருவர். ஊருக்குத் திரும்புமுன் குடும்பத்தோடு விடைபெற வந்தார். கோபமில்லாமல்தான் சொன்னார்: "அன்னைக்கு வண்டி நிக்கையிலேயே நீங்க ஆசீர்வாதத்த சொல்லியிருந்தா நான் பஸ்ல ஏறியிருப்பேம்லா, ஐயரே."

போதகர் குழந்தையின் தலையில் கைவைத்து ஜெபித்தார். அடுத்த கமிட்டியில், ஞாயிற்றை எடுத்துக்கொண்ட அரசைப் பற்றியும் முதலாளியைப் பற்றியும் முன்போலவே பேசினார். குரல் மட்டும் தணிந்திருந்தது. முதலாளியும் வென்றவர்போல் பேசவில்லை. மாற்றலாகிப் போகும்வரை, ஆசீர்வாதத்துக்குக் கை உயர்த்துமுன் போதகர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

இப்போது மின்வெட்டு இல்லை. விடுமுறை ஞாயிற்றுக்கே திரும்பிவிட்டது. புதிய போதகர் தயக்கமின்றிக் கையை உயர்த்துகிறார். எல்லோரும் தலை குனிகிறார்கள். நான் வாசலைப் பார்த்துவிட்டுக் குனிகிறேன்.